ஒரு ஜி.பி. சர்வரில் பெரிய பொதி: ஸ்வாப்பா, ஆயத்த வீலா, வேறு இயந்திரமா?

முன்னேற்றப் பட்டை நூறு விழுக்காட்டைத் தொட்டது. அடுத்து 'நிறுவியாயிற்று' என்ற வரி வர வேண்டும். வரவில்லை. முனையம் இருபது விநாடி உறைந்து நின்றது. பிறகு 'கில்ட்' என்று ஒரே ஒரு சொல்லைத் துப்பிவிட்டுக் கட்டளைக் குறிக்குத் திரும்பியது. என்ன பிழை, எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஓட்டினேன், அதே இடம், அதே சொல். மூன்றாவது முறை ஓட்டுவதற்குள் நூலகத்திலிருந்து தொலைபேசி: "தளம் திறக்கவில்லையே, சார்?"

அந்தச் சர்வரின் நினைவகம் 1 ஜி.பி. ஒரு சிறு நூலகத்தின் நூற்பட்டியலைத் தேடித் தரும் தளம் அதில் ஓடுகிறது: மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், அதற்கு முன்னால் ஒரு பைதான் நிரல், அவ்வளவுதான். 'விவசாயம்' என்று தேடினால் 'வேளாண்மை' நூல்களும் வரட்டுமே என்ற ஆசையில், சொற்களின் பொருள் நெருக்கம் பார்க்கும் சென்டென்ஸ்-டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொதியை (பேக்கேஜ்) நிறுவப் போனேன். அது தனக்குத் துணையாக டார்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தை அழைத்தது. டார்ச், வரைகலை அட்டைகளுக்கான என்விடியாவின் பொதிகளை வரிசையாக அழைத்து வந்தது. நான்கு பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வேன் பிடித்து வந்து இறங்கிய சம்பந்தி வீட்டார் கதை.

இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவுகளை டிமெசேஜ் கட்டளையில் புரட்டியபோது நடந்தது தெரிந்தது. 'அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்கும் வரிகள் அங்கே இருந்தன. முதல் வரியில் செத்தது மைஎஸ்க்யூஎல். அடுத்த வரியில்தான், பைதான் பொதிகளை நிறுவும் கருவியான பிப். லினக்ஸ் தன் கையிருப்புக்கு மேலேயே நினைவகத்தை நிரல்களுக்கு வாக்களித்துவிடும். வாக்களித்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டு வந்து நின்றால், ஓஓஎம் கில்லர் என்ற கர்னல் பகுதி விழித்துக்கொண்டு, பெரும்பாலும் யாரிடம் அதிக நினைவகம் இருக்கிறதோ அவரை வெட்டும். யாரால் இந்த நெருக்கடி வந்தது என்று அது விசாரிப்பதில்லை. சிறு சர்வர்களில் ஓசையின்றி உட்கார்ந்திருக்கும் தரவுத்தளமே ஆளில் பருமனானது என்பதால் முதல் வெட்டு பல நேரம் அதற்குத்தான் விழுகிறது. நிறுவலை ஸ்கிரிப்டுக்குள் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு 'கில்ட்' என்ற சொல்கூடக் கிடைக்காமல் போகலாம். 137 என்ற வெளியேறு எண் மட்டும் கிடைக்கும். 128-உடன், கொல்லும் சைகையின் எண்ணான 9-ஐக் கூட்டிய கணக்கு அது.

இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் "ஸ்வாப் போடுங்கள்" என்பார்கள்: வட்டில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, நினைவகம் போதாதபோது அதன் சுமையை அங்கே இறக்கிவைப்பது. நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிவந்தவன். இப்போது அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கிறேன். நினைவகம் எந்தக் கட்டத்தில் தீர்ந்தது? நிறுவி முடித்த பிறகு அந்தப் பொதி அதே இயந்திரத்தில் ஓடுமா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பொழுதும் பணமும் கரைவது அங்கேதான்.

எங்கே தீர்ந்தது?

திரையில் கடைசியாக நின்ற வரி பாதி விடையைச் சொல்லிவிடும்.

எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு எதனோடு ஒத்துப்போகும் என்று கணக்குப் போடும்போதே செத்தால் அது முதல் ரகம். பிஎச்பி மொழியின் பொதி நிறுவியான கம்போசர் தன் முதல் தலைமுறையில் இதற்குப் பேர்போனது. 1610612736 பைட் தீர்ந்துவிட்டது என்ற அதன் புலம்பலைப் பார்க்காத பழைய பிஎச்பிக்காரர் இருக்க மாட்டார். அந்த எண் சரியாக ஒன்றரை ஜி.பி. 2020 அக்டோபரில் வந்த கம்போசர் 2 இந்தப் பசியைப் பெருமளவு அடக்கிவிட்டது. பைதான்காரர்களின் இன்னொரு நிறுவியான கோண்டாவின் பழைய கணக்கியும் இதே இனம், 23.10 பதிப்பு முதல் லிப்மாம்பா அந்த இடத்தைப் பிடித்த பிறகு நிலைமை தேறியது. அரை ஜி.பி. இயந்திரங்களில் ஃபெடோரா வகை லினக்ஸின் நிறுவியான டிஎன்எஃப் செத்துப்போவதும் இங்கேதான். நிறுவப்போவது கையளவுப் பொதியாக இருந்தாலும், களஞ்சியத்தின் பட்டியல் முழுவதையும் அது ஏற்றிப் பார்த்தாக வேண்டும். இந்த ரகத்துக்கு மருந்து எளிது: கருவியைப் புதுப்பியுங்கள், அல்லது கணக்கை வேறு கணினியில் போட்டு விடையை மட்டும் கொண்டுவாருங்கள். கம்போசரில் 'அப்டேட்' கட்டளையை உங்கள் மடிக்கணினியில் ஓட்டி, பதிப்புகளைப் பூட்டிவைத்து அது எழுதும் லாக் கோப்பைச் சர்வருக்கு அனுப்பி, அங்கே 'இன்ஸ்டால்' மட்டும் ஓட்டினால் போதும். சர்வரில் 'அப்டேட்' ஓட்டுகிற பழக்கம், நினைவகம் எவ்வளவு இருந்தாலும், நல்ல பழக்கமில்லை.

என் வழக்கு இரண்டாவது ரகம்: இறக்கி முடித்த கணத்தில் செத்தது. உபுண்டு 22.04-உடன் வருவது பிப் 22.0.2. அந்தத் தலைமுறை பிப், இறக்கிய கோப்பைத் தற்காலிகச் சேமிப்பில் வைப்பதற்காக அதை முழுவதுமாக நினைவகத்தில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே உருண்டையாக எழுதப் பார்க்கும். சிறிய பொதிகளுக்கு இது ஒரு பொருட்டில்லை. 600 எம்.பி.யைத் தாண்டும் டார்ச் வீலை (ஆயத்தமாகக் கட்டிய பொதிக் கோப்பு அது) அப்படித் தாங்க 1 ஜி.பி. சர்வருக்குத் தெம்பு ஏது? பட்டை நூறைத் தொட்ட பிறகு உறைந்து நின்றதன் மர்மம் இதுதான். பிப்பை எழுதுகிறவர்கள் 2023 அக்டோபரில் வெளியிட்ட 23.3 பதிப்பில் சேமிப்பின் வடிவத்தையே மாற்றி இதைச் சரிசெய்துவிட்டார்கள். டெபியன் 12-உடன் வரும் 23.0.1 அதற்கு முந்தையது என்பதையும் கவனியுங்கள். ஆக, இங்கே தேவைப்படுவது ஸ்வாப்பும் இல்லை, பெரிய சர்வரும் இல்லை. மெய்நிகர் சூழலுக்குள் பிப்பைப் புதுப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் 'நோ கேஷ் டிர்' என்ற விருப்பத்தைக் கட்டளையோடு சேர்க்க வேண்டும். காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை. இது தெரியாமல் நான் ஒருமுறை சர்வரின் மாதக் கட்டணத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இதே கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஓட்டையும் உண்டு: '/டெம்ப்' அடைவு. ஃபெடோராவில் பல ஆண்டுகளாகவும், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 முதல் அங்கேயும், இந்த அடைவு இயல்பாகவே வட்டில் இல்லாமல் நினைவகத்தில் இருக்கிறது. நினைவகத்தில் பாதி வரை அது பிடித்துக்கொள்ளலாம். பொதிகளைப் பிரித்துப் போடுவதும் மூலநிரலைக் கட்டுவதும் அந்த அடைவில் நடந்தால், நிரல் தின்றது பாதி, கோப்புகள் தின்றது பாதி என்று ஆகிவிடும். 'டெம்ப்டிர்' சூழல் மாறியை வட்டிலுள்ள ஓர் அடைவுக்குத் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது, கம்பைல் செய்யும்போது, அதாவது மூலநிரலைத் தொகுப்பான் இயந்திர மொழிக்கு மாற்றும்போது, சாவது. 'பில்டிங் வீல்' என்ற வரியில் நெடுநேரம் நின்று, கடைசியில் 'சிசி1பிளஸ்' என்ற பெயரோடு மரணச் செய்தி வந்தால் இதுதான். சிசி1பிளஸ் என்பது சி பிளஸ் பிளஸ் நிரலை உள்ளே மொழிபெயர்க்கும், ஜிசிசி என்ற தொகுப்பானின் வேலையாள். செய்தியில் 'உள்பிழை' என்று இருப்பதைப் பார்த்துத் தொகுப்பானில் கோளாறு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பாவம், அது பட்டினியில் செத்த கேஸ்.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் கொடுக்கும் 'ஹீப் அவுட் ஆஃப் மெமரி', பிஎச்பியின் 'அலவுட் மெமரி' போன்றவை கர்னல் வெட்டியதால் வருவன அல்ல. அந்தந்த நிரல் தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி. வேலியைத் தள்ளிப் போடும் விருப்பங்கள் இரண்டிலும் உண்டு. ஆனால் தள்ளிப் போடுவதற்கு அப்பால் நிலம் இருக்க வேண்டும். 1 ஜி.பி. சர்வரில் கம்போசரின் எல்லையை 'மைனஸ் 1' என்று முழுதாக எடுத்துவிட்டால், வேலியில் முட்டி நின்ற மாடு நேராகக் கிணற்றில் விழும்.

ஸ்வாப்: எப்போது தோள் கொடுக்கும், எப்போது காலை வாரும்

மேகக் கணினி நிறுவனங்கள் தரும் சர்வர் படிமங்கள் பலவற்றில் ஸ்வாப் கிடையாது. எனவே 1 அல்லது 2 ஜி.பி. கோப்பு ஒன்றை ஒதுக்கி, அனுமதியை 600 ஆக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் என்று இரண்டு கட்டளை கொடுத்துவிட்டால், வெட்டு விழுவது உடனே நின்றுவிடும். ஐந்து நிமிட வேலை, திரும்பப் பெறக்கூடியது, மறுதொடக்கம் தேவையில்லை. இதன் புகழ் நியாயமானதுதான்.

எதை வெளியே தள்ளுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நான் நிறுவல் ஓட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் மைஎஸ்க்யூஎல் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அதன் நினைவகத்தில் தொடப்படாமல் கிடக்கும் பக்கங்களைக் கர்னல் வட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தை பிப்புக்குத் தருகிறது. எல்லோருக்கும் சௌகரியம். அறுவடை நேரத்தில் திண்ணையில் கிடக்கும் கட்டிலை மாட்டுக் கொட்டகையில் போடுவது போல. ஆனால் கம்பைல் செய்யும் ஒரே ஒரு வேலையாளுக்கே ஒன்றரை ஜி.பி. தேவை, இருப்பது 1 ஜி.பி., அந்த ஒன்றரையையும் அவர் மாறி மாறித் தொட்டுக்கொண்டே இருக்கிறார் என்றால், கர்னல் ஒரு பக்கத்தை வெளியே போட்ட கையோடு அதையே உள்ளே இழுக்க வேண்டியிருக்கும். நினைவகத்தைத் தொட ஆகும் நேரத்தை நானோ விநாடியில் எண்ணினால், எஸ்எஸ்டியைத் தொட ஆகும் நேரத்தை மைக்ரோ விநாடியில் எண்ண வேண்டும். இடைவெளி நூற்றுக்கணக்கான மடங்கு, பல நேரம் ஆயிரத்தையும் தொடும். வலையமைப்பு வழியாக வரும் வட்டு என்றால் இன்னும் மோசம். நிறுவல் சாகாது, முடியவும் முடியாது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைவதற்கே இரண்டு நிமிடம் ஆகும் சர்வரை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, அப்போதே வெட்டியிருக்கலாமே என்று கர்னல் மேல் ஏக்கம் பிறக்கும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகை வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் யோசிக்க வேண்டும். அதன் இயங்குதளம் நெடுங்காலம் 100 எம்.பி. ஸ்வாப்போடுதான் வந்தது, அதைக் கஞ்சத்தனம் என்று திட்டுவது வழக்கம். ஸ்வாப் இருக்குமிடம் எஸ்டி கார்டு. ஓயாமல் எழுதினால் அதன் ஆயுள் தேயும் என்பதை மறந்துவிட்டுத் திட்டுகிறோம். அங்கே சீராம் நல்ல மாற்று. நினைவகத்தின் ஒரு பகுதியையே சுருக்கிவைக்கும் பெட்டியாக்கி, வட்டைத் தொடாமல் ஸ்வாப்பாகப் பயன்படுத்துவது அது. ஃபெடோரா 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பு முதல் இதைத்தான் இயல்பாக வைத்திருக்கிறது. ஆனால் சுருக்குவதற்குச் செயலி உழைக்க வேண்டும். கம்பைலும் செயலியைத்தான் கேட்கிறது.

மலிவான சில மெய்நிகர் சர்வர்கள் உண்மையில் தமக்கெனக் கர்னல் இல்லாத, ஓபன்விஇசட் போன்ற கொள்கலன்கள். அவற்றில் ஸ்வாப்ஆன் கட்டளை 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆளைக் குறைப்பது

கம்பைல் கட்டத்தில் சாகிறது என்றால், ஸ்வாப்புக்கு முன்னால் நான் பார்ப்பது எத்தனை வேலையாட்கள் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள் என்பதை. நிஞ்சா என்ற கட்டுமானக் கருவி, எண் எதுவும் சொல்லாவிட்டால், செயலிக் கருக்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அத்தனை பேரை இறக்கிவிடும். நான்கு கரு என்றால் ஆறு பேர். வார்ப்புருக்கள் நிறைந்த சி பிளஸ் பிளஸ் கோப்பு ஒன்றுக்கு ஒரு ஜி.பி.க்கு மேல் கேட்பது சாதாரணம். ஆறு பேருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இது ஏழைகளின் சிக்கல் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஃப்ளாஷ்-அட்டென்ஷன் பொதியை எழுதியவர்களே, 96 ஜி.பி.க்குக் குறைவான நினைவகமும் நிறையக் கருக்களும் இருந்தால் 'மேக்ஸ் ஜாப்ஸ்' என்ற மாறியை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் அறிமுகக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். 96! என் சர்வரைப் பார்த்து நான் அன்று கொஞ்சம் அனுதாபப்பட்டேன்.

எந்த மாறியை அமைப்பது என்பது பொதியைப் பொறுத்தது. டார்ச் சார்ந்த நீட்சிகள் 'மேக்ஸ் ஜாப்ஸ்' கேட்கும். சிமேக் வழியாகக் கட்டப்படுபவை 'சிமேக் பில்ட் பேரலல் லெவல்' கேட்கும். மேக் கருவிக்கு 'மேக்ஃப்ளாக்ஸ்'. ரஸ்ட் மொழிக்கு 'கார்கோ பில்ட் ஜாப்ஸ்'. எது என்று தெரியாவிட்டால் 'மேக்ஃப்ளாக்ஸ்' மாறியை 'மைனஸ் ஜே1' என்றும் மற்ற மூன்றையும் 1 என்றும் வைத்துவிட்டு ஓட்டுங்கள், பாதகமில்லை. இவற்றோடு, பிழைதிருத்தத் தகவல் வேண்டாம் என்று தொகுப்பானிடம் சொல்லும் 'ஜி0' விருப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

ஸ்வாப்போடு ஒப்பிட்டால் இதில் எனக்குப் பிடித்தது, விலை முன்கூட்டியே தெரிவது. நான்கு பேர் செய்ததை ஒருவர் செய்தால் அதிகம் போனால் நான்கு மடங்கு நேரம். ஸ்வாப்பில் தத்தளிக்கும் கம்பைல் இருபது நிமிடத்திலும் முடியலாம், இரண்டு நாளும் ஓடலாம். ஒரே வேலையாளுக்கே நினைவகம் போதாத கோப்பு ஒன்று இருந்துவிட்டால் மட்டும் இந்த உபாயம் கைவிரித்துவிடும். அப்போது ஒரு வேலையாளும் ஸ்வாப்பும் சேர்ந்தே தேவைப்படும்.

ஏன் கம்பைல் செய்கிறோம்?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பைதான் உலகின் பெரிய பொதிகளில் அநேகம் ஆயத்தமாகக் கட்டப்பட்டு, வீல் என்ற வடிவில் கிடைக்கின்றன. இறக்கிப் பிரித்துப் போட்டால் போதும். அப்படியிருந்தும் பிப் மூலநிரலை இறக்கிக் கட்டத் தொடங்குகிறது என்றால், உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தும் வீல் அதன் கண்ணில் படவில்லை என்று பொருள். இறக்கும் கோப்பின் பெயர் 'டார் ஜீஇசட்' என்று முடிகிறதா என்று பாருங்கள், அப்படியானால் நிறுத்துங்கள்.

காரணம் பல நேரம் சப்பென்று இருக்கும். உபுண்டு 18.04-உடன் வந்த பிப் 9.0.1-க்கு இன்றைய வீல்களின் பெயர்க் குறிகளே புரியாது. மெனிலினக்ஸ்2014 என்ற குறியைப் படிக்க 19.3 வேண்டும். வீல் இருந்தும் இல்லாததுபோல் அது மூலநிரலைத் தேடிப் போகும். பைதானின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. வந்த வாரமே அதற்கு மாறினால் பல பொதிகளுக்கு வீல் இன்னும் வந்திருக்காது. ஒரு பதிப்பு பின்னால் நிற்பது கோழைத்தனமில்லை. ஆல்பைன் லினக்ஸைக் கொள்கலனுக்கு அடித்தளமாக எடுப்பவர்கள் தனி வகை. படிமம் சிறியது என்று மகிழ்ந்து போவார்கள். அதிலுள்ள மசல் என்ற அடிப்படை சி நூலகத்துக்கு மெனிலினக்ஸ் வீல்கள் பொருந்தா. 2021 பிப்ரவரியில் கிரிப்டோகிராஃபி பொதியின் 3.4 பதிப்பு கட்டுவதற்கு ரஸ்ட் வேண்டும் என்று ஆனபோது, எத்தனையோ ஆல்பைன் கட்டுமானங்கள் ஓரிரவில் சரிந்தன. பிறகு மசல்லினக்ஸ் என்ற குறியும் அதற்கான வீல்களும் வந்தன. ஆனால் எல்லாப் பொதிகளுக்கும் வரவில்லை. டெபியனின் மெலிந்த படிமத்துக்கு மாறுவது அங்கே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். 32-பிட் ராஸ்பெர்ரி பைக்கு பைவீல்ஸ் என்ற களஞ்சியமே இருக்கிறது. ஓபன்சிவியை அந்தச் சின்னப் பலகையில் மணிக்கணக்கில் வேகவைத்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள்.

பிப்பிடம் 'ஒன்லி பைனரி' விருப்பத்தில் எல்லாப் பொதிகளையும் குறித்துவிடுவது நான் பழகிக்கொண்ட ஒன்று. வீல் இல்லையென்றால் அது அடம்பிடித்துக் கட்டத் தொடங்காமல், முதல் நிமிடத்திலேயே கையை விரித்துவிடும். நாற்பது நிமிடம் கழித்து 'கில்ட்' பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆயத்த வீலிலும் கனமானது, இலகுவானது உண்டு. லினக்ஸில் டார்ச் என்று மட்டும் சொன்னால், எக்ஸ்86 இயந்திரத்துக்கு வருவது என்விடியா வரைகலை அட்டைக்கான கட்டு (பில்ட்). என் சர்வரில் அந்த அட்டை ஏது? செயலியில் மட்டும் ஓடும் கட்டு தனிக் களஞ்சியத்தில் இருக்கிறது. பைடார்ச்சின் நிறுவல் பக்கத்தில் 'சிபியூ' என்று தேர்ந்தெடுத்தால் அதன் முகவரி கிடைக்கும். எடை 200 எம்.பி. அளவுதான், பின்னால் வரும் என்விடியா பரிவாரமும் கிடையாது. வேனில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நம் வீட்டில் வேலையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வெளியே அரைத்துக் கொண்டுவருவது

வீல் எங்குமே இல்லை, பொதி வேண்டும், சர்வர் சிறியது. அப்போது மாவு மில்தான் வழி. வீட்டு உரலில் பத்துப் படி அரைக்க முயலாமல் மில்லுக்குத் தூக்கிப் போவதுபோல, 16 ஜி.பி. மடிக்கணினியில் 'பிப் வீல்' கட்டளையால் வீலைக் கட்டி, கோப்பாகச் சர்வருக்கு அனுப்பி, இணையக் களஞ்சியத்தைப் பார்க்காதே என்று சொல்லி அங்கே நிறுவுவது. நேர்த்தியான முறை. சர்வரில் தொகுப்பான்கூட வேண்டாம்.

பொருத்தங்கள் பார்க்க வேண்டும், ஜாதகம் போலவே. செயலியின் குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும். பைதானின் பதிப்பு 3.10 என்றால் இங்கும் 3.10, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, கட்டும் இடத்தில் சர்வரில் உள்ளதைவிடப் புதியதாக இருக்கக் கூடாது. மூன்றாவதில்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். என் மடிக்கணினி புதியது, சர்வர் பழையது, வீல் அழகாக நிறுவப்பட்டது, இறக்குமதி செய்த கணத்தில் 'ஜிலிப்சி' என்று புலம்பியது. சர்வரில் உள்ள அதே உபுண்டு பதிப்பின் டாக்கர் கொள்கலனுக்குள் கட்டினால் இந்தச் சங்கடம் வராது. ஆர்ம் செயலிக்கு எக்ஸ்86 கணினியில் கட்டுவதும் வேறு செயலியைப் போல நடிக்கும் க்யூஎம்யூ பாவனையில் முடியும். வேகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உங்கள் நிரல் பொதுவில் இருக்கிறதென்றால், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தரும் 16 ஜி.பி. இயந்திரத்தை இலவச மில்லாகப் பயன்படுத்தலாம்.

ஒருமுறை நிறுவி மறந்துவிடும் பொதிக்கு இத்தனை சடங்கு அதிகம்தான். இரண்டு மூன்று சர்வர்கள், மாதம் ஒருமுறை புதுப்பிப்பு என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காசு கொடுத்துத் தீர்ப்பது

சர்வரைச் சில மணி நேரத்துக்கு 4 ஜி.பி.யாக்கி, நிறுவிவிட்டு, மீண்டும் 1 ஜி.பி.க்கு இறக்குவது. மணிக்கணக்கில் கட்டணம் என்பதால் செலவு ஒரு டீ விலையை எட்டாது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் சர்வர் நிற்கும். சில இடங்களில் நின்று எழும்போது பொது ஐபி முகவரி மாறிவிடும். வட்டையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டால் சில நிறுவனங்களில் பழைய அளவுக்குத் திரும்பவே முடியாது. நினைவகம், செயலி மட்டும் என்று தேர்ந்தெடுங்கள்.

இதைவிட மலிவான வழியொன்றை மறந்துவிடுகிறோம்: இரவு பதினொரு மணிக்கு மைஎஸ்க்யூஎல்லைப் பத்து நிமிடம் நிறுத்திவைப்பது. நூலகம் மூடிய நேரம். யார் தேடப் போகிறார்கள்? நிறுத்த மனமில்லாதவர்கள், சிஸ்டம்டி-ரன் கட்டளைக்குள் நினைவக உச்சவரம்பு வைத்து நிறுவலை ஓட்டலாம். அப்போது செத்தால் நிறுவல் மட்டுமே சாகும், தரவுத்தளம் பிழைக்கும். இதை மட்டும் முன்பே செய்திருந்தால் எனக்கு அந்தத் தொலைபேசி வந்திருக்காது.

எதை எடுப்பது?

என் வரிசை இதுதான். முதலில் நிறுவல் கருவியைப் புதுப்பிப்பது. பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அடுத்து, தேவையான கட்டு மட்டும், அதுவும் ஆயத்தமாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சர்வர் ஒன்று, வேலை ஒருமுறை எனும்போது ஆளைக் குறைத்து இரவில் ஓட்டுவேன். அடிக்கடி என்றால் வெளியே கட்டுவேன். ஸ்வாப்பை இவற்றுக்கு மாற்றாக வைக்காமல், இவை எல்லாவற்றுக்கும் அடியில் விரித்த மெத்தையாக 1 ஜி.பி. அளவில் எப்போதும் வைத்திருப்பேன். 8 ஜி.பி. ஸ்வாப் போட்டு 1 ஜி.பி. சர்வரில் டார்ச்சைக் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் நிறையப் பொறுமை இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

நினைவகம் நிறுவலுக்கு மட்டும்தான் போதவில்லையா என்ற கேள்வி இன்னும் பாக்கி. பிப்பைப் புதுப்பித்து, சிபியூ கட்டை எடுத்து, மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி நிறுவியபோது எல்லாம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. மகிழ்ச்சி மறுநாள் காலை வரை நீடித்தது. டார்ச்சை இறக்குமதி செய்வதற்கே நூற்றுக்கணக்கான எம்.பி.; அதன் மேல், பொருள் நெருக்கம் பார்க்கும் மல்டிலிங்குவல் இ5-இன் சிறிய மாதிரி ஏறக்குறைய 470 எம்.பி. மைஎஸ்க்யூஎல் ஸ்வாப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு தேடலுக்கு ஒன்பது விநாடி. நிறுவல் சாகாமல் நடந்தேறியதால் வந்த வினை.

டார்ச்சை நீக்கிவிட்டேன். பட்டியலிலுள்ள நூல்களின் பொருளைக் குறிக்கும் எண்வரிசைகளை மடிக்கணினியில் ஒருமுறை கணக்கிட்டு, கோப்பாக ஏற்றினேன். தேடும் சொல்லை மட்டும் சர்வரில் எண்வரிசையாக மாற்றினால் போதும். அதற்கு, ஆயத்த மாதிரிகளை ஓட்டும் ஓஎன்என்எக்ஸ் ரன்டைம் இருக்கிறது. அதன் வீல் டார்ச்சின் நிழலளவுகூட இல்லை. கட்டுவதற்கு ஒன்றுமில்லை, பிப் கண்சிமிட்டும் நேரத்தில் நிறுவியது. மாதிரியை 8-பிட்டுக்கு மாற்றியதில் எடை கால்வாசியாகிவிட்டது.

நேற்று நினைவக நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளையை ஓட்டிப் பார்த்தபோது ஸ்வாப்பில் 140 எம்.பி. போயிருந்தது. தொடாமல் விட்டுவிட்டேன். 'விவசாயம்' என்று தேடினால் 'வேளாண்மை' வருகிறது. மூன்றாவதாக 'மாடித் தோட்டம்' வந்து நிற்கிறது, அதுவும் சரிதான் என்கிறார் நூலகர்.